பெயர் கேட்கும் பெட்டி

விளக்கு ஆரஞ்சில் மினுக்கிக்கொண்டிருக்கிறவரை பெட்டியைத் தொடக்கூடாது. நான் போட்ட சட்டம்தான் இது. வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன், ரூட்டரில் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய சாஃப்ட்வேரை அழித்துவிட்டு நம்முடையதை எழுதுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் கரண்ட் போகக்கூடாது, வயரை ஆட்டக்கூடாது, பாதியில் நின்றால் பெட்டி செத்துப்போகும், அப்புறம் அது கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும். அதனால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சரஸக்கா வீட்டு முன்னறை, ஒரு கால் லேசாக நொடிக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் லேப்டாப், எதிர்ச்சுவரில் மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற ரூட்டர். மினுக், மினுக். சரஸக்காவை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அதற்குள் அக்கா ஆகிவிட்டார். வீட்டுக்காரம்மா, கீழே அவர், மேலே வாடகைக்கு. காங்கயத்தில் வீடு வீடாக நெட் கொடுக்கிற எங்கள் முதலாளி குழந்தைசாமி, திருப்பூர் ஓரத்தில் இந்த ராக்கியாபாளையம் பக்கத்து லைன் முழுவதையும் போன மாதம் வேறொருவரிடமிருந்து எடுத்துக்கொண்டார், எடுத்த கையோடு எல்லாப் பெட்டியையும் நம்ம பெட்டியாக மாற்று அம்மணி என்றுவிட்டார், அவர் வாயில் என் பேர் வராது, எப்போதும் அம்மணிதான். தெருவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அருள்மணி. அருள்மணி கை வேகம், பேச்சும் வேகம், இந்நேரம் நாலு வீடு முடித்து நாலு டம்ளர் மோர் குடித்திருப்பான். நான் இன்னும் முதல் வீட்டிலேயே இருக்கிறேன். வழக்கமாக நான்தான் அவனைச் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டுவேன். இன்றைக்கு ஸ்குரூவைக் கழற்றவே அத்தனை நேரம் எடுத்துக்கொண்டேன், வந்தவுடன் தண்ணீர் கேட்டேன், குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன், ஏனென்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. வெயில், அதனால்தான். வெயில்தான்.

நம்முடையது என்று சொல்கிறேனே, அதில் பாதி உலகம் பூராவும் யார் யாரோ சும்மா எழுதிக் கொடுத்தது, மீதிப் பாதி நான் எழுதியது. அதற்கு ஆபீசில் காது என்று பேர். நம்ம அம்மணிக்கு ஊரு பூரா காது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார், எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருக்கும், பொய் சொல்வானேன். நெட் ஸ்லோ, நெட் ஸ்லோ என்று புகார் வந்து உயிரை வாங்கின காலத்தில் செய்தது. எந்தப் பெட்டியைச் சுற்றி எத்தனை போன், எத்தனை நெரிசல் என்று தெரிந்தால்தானே சரி செய்ய முடியும்? அதற்காக ஒவ்வொரு ரூட்டரையும் சுற்றிலும் கேட்கச் சொன்னேன். கேட்டதை ஆபீசுக்கு அனுப்பச் சொன்னேன். எண்ணிக்கை மட்டும் போதும்தான். ஆனால் போன்கள் எண்ணிக்கையாகவா வருகின்றன, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வைஃபையின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறது. வந்ததைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. பால் கவரைக் கழுவிக் கயிற்றில் காயப்போடுகிற கை இது, ஐஸ்கிரீம் டப்பாவில் கடுகு கொட்டி வைக்கிற கை. இருந்தால் இருக்கட்டும், எதற்காவது ஆகும் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். இப்போது ஆகிவிட்டது, எதற்கோ. மினுக், மினுக். ஆரஞ்சு விளக்குக்குக் கூடக் கொஞ்சம் வேகம் குறைந்த மாதிரி இருக்கிறது, அப்படியெல்லாம் குறையாது, எனக்குத்தான் அப்படி. இதில் இன்னொன்றும் நான் செய்தது. பக்கத்து வீட்டுக்காரன் நெட்டைத் திருடுகிறான் என்று எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒரே பாட்டு. சரி, வைஃபை பேரையே மறைத்துவிடலாம், யார் போனிலும் காட்டாது, பேர் தெரிந்தவன் மட்டும் உள்ளே வரட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன், பெரிய வீடுகளில் எல்லாம் வரிசையாக மறைத்துக் கொடுத்தோம், பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுத்தோம். ஆனால் பெட்டி தன் பேரைச் சொல்லாவிட்டால் போன்தானே கேட்க வேண்டும். இருக்கிறாயா, இருக்கிறாயா என்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் மட்டும் இல்லை, பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்தில், போகிற இடமெல்லாம், வைத்திருக்கிறவருக்கே தெரியாமல். இது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் தப்பாகத் தோன்றவில்லை. யாருக்குக் கேட்கப் போகிறது என்று நினைத்தேன். கேட்கிற காதையும் நானே எழுதிக்கொண்டிருந்தேன், இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

சென்னியப்பன் அண்ணன் வீட்டிலும் மறைத்துத்தான் கொடுத்தேன். தேங்காய்க் களம் வைத்திருக்கிறவர், ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் உடைத்த தேங்காய் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும், அந்த எண்ணெய் மணம் துணியில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. நான் பெட்டி மாட்டப் போனபோது அவர் பெண் தரணி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றாள், காலேஜ் சேர்ந்த புதிது, ஒரு கேள்வி முடிவதற்குள் அடுத்த கேள்வி. அவள் காலடியில் ஒரு நாய், வெள்ளை உடம்பில் பொடிப் பொடியாகப் பழுப்புப் புள்ளி, வறுத்த ரவையைக் கொட்டி வைத்த மாதிரி. பேரும் ரவைதான். என்ன பேர் வைக்கட்டும், அப்பா பேரா, களத்துப் பேரா என்று கேட்டேன். "அப்பா பேரு வெச்சா ஊருக்கே தெரிஞ்சுருமுங்க்கா, ரவைன்னு வெய்யிங்க, எங்களத் தவுத்து எவனுக்கும் தோணாது" என்றாள். நாய் தன் பேர் கேட்டு வாலை ஆட்டியது, என் டூல்ஸ் பையை மோந்து பார்த்துத் தும்மியது, அவள் சிரித்த சிரிப்பில் நான் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து மறுபடி அடித்தேன். ரவை. இந்தப் பூமியிலேயே வேறு எந்த வைஃபைக்கும் அந்தப் பேர் இருக்காது. இருந்தால் நன்றாக இருக்கும். இன்றைக்குத் தெருவுக்கு ஒரு ரவை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவள் சித்திரையில் போய்விட்டாள், களத்துக்கு லோடு ஏற்ற வந்த லாரிக்காரப் பையனோடு. ஊர் இரண்டு மாதம் வேறு பேச்சே பேசவில்லை. அந்தப் பையன் யார், எந்த ஆட்கள் என்று சொல்லும்போது மட்டும் எல்லோரும் குரலைத் தணித்துக்கொண்டார்கள், நானும் தணித்துக்கொண்டுதான் கேட்டேன்.

இன்றைக்குக் காலையில் ஆபீசுக்குள் நுழைந்தபோது முதலாளி எதிரில் தரணியின் அண்ணன் கௌதம் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை, அதிலும் அந்த எண்ணெய் மணம். வைத்த காபியைத் தொடவில்லை, ஆடை கட்டிக் கிடந்தது. "அம்மணி, நம்ம காதுல ஒரு பேரத் தேடிப் பாக்க முடியுமில்ல? பாவம், பெத்தவங்க சோறு தண்ணி இல்லாமக் கெடக்கறாங்க. எங்க இருக்குது, நல்லாருக்குதான்னு தெரிஞ்சாப் போதுங்கறாங்க" என்றார் முதலாளி. அவர் நல்ல மனுசர், என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி வந்து நின்றவர், அவர் நல்லதுக்கு என்று சொன்னால் எனக்கு நல்லதாகத்தான் கேட்கும். தேடினேன். காங்கயத்தில் அவர்கள் வீட்டைச் சுற்றி மட்டும்தான் அந்தப் பேர் வந்தது, அந்த வீட்டுப் போன்கள். வேறெங்கும் இல்லை என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? "திருப்பூர் பக்கம் இன்னும் நம்ம பொட்டி போடலைங்க, இன்னைக்குத்தான் போடறோம். பேரு வந்தா உங்க போனுக்கே மெசேஜ் வர்ற மாதிரி வெச்சுடட்டுங்களா" என்று கேட்டு, அவர் சரி என்பதற்குள் வைத்தும் கொடுத்துவிட்டேன். செய்ய முடியும் என்பதைக் காட்டாமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை. கௌதம் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். "கண்டுபுடிச்சுருவீங்களாக்கா?" என்றான், மரியாதையாகத்தான். "ரவை எப்புடி இருக்குதுங்க தம்பி" என்று கேட்டேன். "அது இப்ப இல்லீங்க." வயசாகவில்லையே, வண்டியில் அடிபட்டதா என்றேன். கார் சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான். "அவ போன அன்னிக்கு" என்றான். அவ்வளவுதான். முதலாளி பில்லைப் பற்றி யாரிடமோ போனில் சத்தம் போட ஆரம்பித்தார். அவ போன அன்னிக்கு. அன்றைக்கு என்ன, அன்றைக்கு நாய் தானாகச் செத்ததா, அவளைத் தேடி ரோட்டுக்கு ஓடியதா, லாரிக்காரப் பையனைக் கண்டும் குரைக்காமல் இருந்ததா, அதற்காக இவர்களே அடித்துவிட்டார்களா. பஸ் பூராவும் இந்த மூன்று வார்த்தைதான். எத்தனை தண்ணீர் குடித்தாலும் இறங்கவில்லை. வெயில் என்று சொன்னேனே, வெயில் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. கேட்ட பேர்களை அனுப்பு என்று சொல்கிற வரி. அதை அழித்துவிட்டால் காது செவிடாகிவிடும், எண்ணிக்கை மட்டும் போகும், யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் ஏதோ கோளாறு என்று சமாளித்துக்கொள்ளலாம். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நல்லூர் வரைக்கும் வந்தேன். அழித்தால் அருள்மணிக்கும் புது ஃபைல் அனுப்ப வேண்டும், அவன் ஏன்க்கா எதற்குக்கா என்று நூறு கேட்பான். அழித்தால் முதலாளி நாளைக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்பார், அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். அதைவிட, அழித்தால் ஒன்றை ஒத்துக்கொண்ட மாதிரி. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்று ஒத்துக்கொண்ட மாதிரி. எனக்கு என்ன தெரியும்? பெற்றவர்கள் தேடுகிறார்கள், அண்ணன் தேடுகிறான், தேடமாட்டார்களா? திருப்பூர் என்ன சின்ன ஊரா, இத்தனை லட்சம் ஜனத்தில் அவள் ஏன் என் தெருவுக்கு வர வேண்டும், அவள் பெங்களூரில் இருப்பாள், போனை மாற்றியிருப்பாள், புத்திசாலிப் பெண். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு லேப்டாப்பை மூடினேன். மூடியதும் மனசு லேசானது. அந்த லேசுதான் இப்போது பயமாக இருக்கிறது. இந்தா, அந்த வரி என் கண் முன்னால் அந்தப் பெட்டிக்குள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. எழுபது சதவீதம் என்கிறது திரை.

சரஸக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரூட்டரை அண்ணாந்து பார்க்கிறார். "இன்னும் ஆகலீங்களா? சாமிக்கு வெளக்குப் போட்ட மாதிரி கண்ணைக் கொட்டீட்டு இருக்குது." ஆயிரும்ங்க்கா என்கிறேன். "இந்த நெட்டு மேல ஊட்டுக்கும் எடுக்குமுங்களா? புதுசா ஒரு ஜோடி வந்திருக்குது, பையன் பனியன் கம்பெனிக்கு டெம்போ ஓட்டறான். அந்தப் புள்ள பாவம், நாளெல்லாம் ஒண்டியா உக்காந்திருக்குது, கடைக்குக் கூடக் கீழ எறங்காது." எனக்கு லேப்டாப்பின் விசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிகிறது. எந்த ஊருங்க்கா என்று கேட்கிறேன், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே. "கோயமுத்தூருங்குது. பேச்சப் பாத்தா நம்ம பக்கமாட்டத்தான் இருக்குது. கேட்டா ஒண்ணும் சொல்லாது, சிரிச்சுக்கும். தெரு நாய்க்கெல்லாம் மேலிருந்து பிஸ்கட்டாப் போடுது கண்ணு, அதுக ராவும் பகலும் என்ற வாசல்லயே படுத்துக் கெடக்குதுக." சிரித்துக்கொண்டே சொல்கிறார். நானும் சிரிக்கிறேன். நாய்க்குப் பிஸ்கட் போடுகிற பெண்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். கோயமுத்தூர்க்காரிகள் நாய்க்குப் பிஸ்கட் போடக்கூடாதா. வரும்போது படிக்கு அடியில் மூன்று நாய்கள் கிடந்ததை நானே தாண்டித்தானே வந்தேன். மேலே யாரோ நடக்கிறார்கள். செருப்பில்லாத கால், கனமில்லாத கால், ஜன்னல்வரை வந்து நிற்கிறது, திரும்பிப் போகிறது, மறுபடியும் வருகிறது. சரஸக்கா உள்ளே போய்விட்டார், தாளிக்கிற சத்தம். எண்பத்தைந்து. இப்போது எழுந்து வயரைப் பிடுங்கினால் பெட்டி செத்துப்போகும். சாகட்டுமே. ஒரு பெட்டி. என் சட்டம், நானே மீறினால் யார் கேட்கப்போகிறார்கள். எழுந்தும்விட்டேன். கையை நீட்டி வயரைத் தொட்டும்விட்டேன், சூடாக இருக்கிறது, உள்ளே ஏதோ உயிரோடு இருப்பது போல. பிடுங்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியைக் கூட நான் சாகடித்ததில்லை என்ற நினைப்பு, இந்த நேரத்தில் வருகிற நினைப்பா இது, அதுதான் வந்தது, அந்த நினைப்போடு அப்படியே நின்றேன். ஒருவேளை அவளாக இருக்காது. இருந்தாலும் போனை மாற்றியிருப்பாள். விளக்கு அணைந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் பச்சை.

திரையில் ஒவ்வொன்றாக வருகிறது. சரஸக்கா போன். எதிர்வீட்டு டிவி. ஏதோ ஒரு டெய்லர் கடைப் பேரைக் கூப்பிடுகிற ஒரு போன், ஒரு காலேஜ் ஹாஸ்டலைக் கூப்பிடுகிற ஒரு போன், பிழைக்க வந்தவன் எவனோ, அவன் ஊர்ப் பேரை இந்தியில் வைத்திருக்கிறான். எல்லாம் எதையோ கூப்பிட்டபடி. வராதே என்று சொல்கிறேன், சத்தமாகச் சொன்னேனா தெரியவில்லை. ரவை. வந்துவிட்டது. ரவை, மறுபடியும் ரவை, அதற்குக் கீழேயே இன்னொரு ரவை, மிகவும் பக்கம், தலைக்கு நேர் மேலே. பிடுங்கினேன். இந்தத் தடவை யோசிக்கவில்லை, ஆணியோடு சேர்த்துப் பிடுங்கியதில் சுவர்க் காரை என் கழுத்தில் கொட்டியது. பெட்டி கேட்டதை உடனே அனுப்பாது, சேர்த்து வைத்து மணிக்கொரு தடவைதான் அனுப்பும், அப்படித்தான் எழுதியிருக்கிறேன், அதனால் போகவில்லை, போகவில்லை, பெட்டி என் கையில் இருக்கிறது, பேர் பெட்டிக்குள்ளேயே செத்துவிட்டது. வயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது. அழுகை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வாசல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஐந்தாவது வீட்டிலிருந்து அருள்மணி டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறான், என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். அவன் முடித்த முதல் வீடு எனக்கு நேர் எதிர் வீடு. அதன் ஜன்னலுக்குள் ஒரு பச்சை விளக்கு. அதற்கு அடுத்த வீட்டிலும் பச்சை. இந்தக் குறுகலான தெருவில் அந்தப் பெட்டிக்கு மேல்வீடு எவ்வளவு தூரம்? நான் எழுதின காது, பத்து வீடு தள்ளிக் கூப்பிட்டாலும் கேட்கும். என் கையில் இருக்கிற செத்த பெட்டியைப் பார்த்தேன். போன் அடித்தது. முதலாளி. "அம்மணி! வந்துருச்சு! ரவைன்னு மெசேஜ் வந்துருச்சு, அருளு போட்ட பொட்டியில. கெட்டிக்காரி அம்மணி நீ!" அவர் குரலில் உண்மையான சந்தோஷம், சொந்தப் பெண் கிடைத்த மாதிரி. "கௌதம் தம்பிக்குச் சொல்லிட்டேன். அவிய காலையிலயே உனக்குப் பின்னாடியே கெளம்பி நல்லூருல டீக்கடையில நிக்கறாங்களாமா, மூணு வண்டி. நீ அங்கயே இரு, அந்தப் புள்ள எங்கயும் போயிராம பாத்துக்க." உனக்குப் பின்னாடியே. சரிங்க என்றேன். வேறென்ன வார்த்தை இருக்கிறது, இத்தனை வருஷமாக அவரிடம் சொன்ன வார்த்தை, வாய் தானாகச் சொல்லியது. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. தங்கச்சி நன்றாக இருக்கிறாளா என்று பார்க்க மூன்று வண்டி எதற்கு?

படிக்கு அடியில் நாய்கள் எழுந்து வழிவிட்டன. கைப்பிடி இல்லாத படி, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே ஏறுகிறேன், ஏன் கீழே போடவில்லை என்று தெரியவில்லை. நல்லூரிலிருந்து இங்கே ஒரு டீ ஆறுகிற நேரம். பெயின்ட் உரிந்த தகரக் கதவு. தட்டினேன், உள்ளே நடந்துகொண்டிருந்த கால் நின்றுவிட்டது. "தரணி, நான் சுலோச்சனா, நெட்டுக்கார அக்கா." தாழ்ப்பாள் விலகியது. இளைத்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்த முகம் முதலில் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் படியைத்தான் பார்த்தது, அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் முகத்துக்கு வந்தது. "நான் யாருகிட்டயும் பேசலீங்க்கா" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே. "சிம்மைக் கூட ஒடச்சுப் போட்டுட்டேன். பேஸ்புக்கு, எதுவும் இல்ல. யாருக்கும் ஒரு வார்த்த சொல்லல. எப்புடிக்கா தெரிஞ்சுது?" அவள் கையில் அந்தப் பழைய போன், மூலையில் விரிசல் விட்டது, திரை வெளிச்சமாக இருந்தது, வெள்ளை உடம்பும் புள்ளியும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "ரவ போட்டோ இதுலதான் இருக்குது, அதுக்காவத்தான் வெச்சிருக்கறேன். ஊருல பாத்தீங்களாக்கா? நான் இல்லாம சோறு திங்குதுங்களா?" தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. கீழே மூன்று நாய்களும் ஒரே நேரத்தில் குரைக்க ஆரம்பித்தன.

"செருப்பப் போடு தரணி" என்றேன்.